தனியாக எடுத்த படம்

மே 5, ஞாயிறு

தரணி வரமாட்டானாம். காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் செய்தான். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நித்திலா அக்கா படத்துல கேமரா அசிஸ்டென்டா கூப்பிட்டிருக்காங்க. இதை விட்டா இன்னொண்ணு எப்ப வரும்னு தெரியாது" என்றான். "நல்ல விஷயம்தானேப்பா, போயிட்டு வா" என்றேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் தோசை கருகியிருந்தது. அந்தத் தோசையை நானே தின்றேன்.

என் குறும்படத்துக்கு இருந்த ஒரே கேமராமேன் அவன். ஒலிப்பதிவுக்கு வருவதாகச் சொன்னவர் போன மாதமே கழன்றுகொண்டார். நடிக்க ஒத்துக்கொண்டிருந்த சேலத்து நாடகக்காரப் பெண், கொளத்தூருக்கெல்லாம் பஸ்ஸில் வரமுடியாது, கார் அனுப்புங்கள் என்கிறாள்.

நித்திலாவும் நானும் கோயம்புத்தூரில் ஒரே வகுப்பு, ஒரே விடுதி அறை. கல்லூரியில் சேர்ந்து இரண்டு படம் எடுத்தோம். அப்புறம் அவள் சென்னைக்குப் போனாள். நான் கல்யாணமாகி மேட்டூருக்குப் பக்கத்தில் இந்தக் கொளத்தூருக்கு வந்து கம்ப்யூட்டர் டீச்சர் ஆனேன். இப்போது அவள் முதல் சினிமா எடுக்கிறாள். பூஜை போட்ட அன்று ஒரு போட்டோ போட்டிருந்தாள். அதைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவளுக்குக் குடை பிடிப்பதற்கென்றே ஒருத்தன் நிற்கிறான்.

"வாழ்த்துகள்" என்று அடித்தேன். அழித்தேன். கட்டைவிரலை மட்டும் போட்டுவிட்டு மூடினேன்.

மே 7, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். இனி யாரையும் நம்பிக் காத்திருக்கப்போவதில்லை. தனியாகவே எடுப்பேன். கேமரா என்னுடையது, கதை என்னுடையது, பள்ளிக்கூடம் லீவு. வேறென்ன வேண்டும்?

இந்த வருஷம் மேட்டூர் அணையில் தண்ணீர் அடியோடு இறங்கிவிட்டது. பண்ணவாடியில், வழக்கமாக முழுகிக்கிடக்கும் நந்தி வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறது. என் கதைக்கு வேறு இடம் கிடையாது. பரிசல் கவிழ்ந்து காணாமல்போன புருஷனை, தண்ணீர் வற்றுகிற கோடையில் எல்லாம் ஏரிக்குள் இறங்கித் தேடுகிற ஒரு பெண். ஜூலையில் கர்நாடகத்திலிருந்து தண்ணீர் வந்து நந்தியைத் தொடும்போது அவள் திரும்பி வீட்டுக்கு நடக்கிறாள். தண்ணீர் வருகிற அந்தக் கடைசிக் காட்சி ஒரு முறைதான் கிடைக்கும். விட்டால் விட்டதுதான்.

இன்று விடிந்ததும் ஸ்கூட்டியில் போய் இடம் பார்த்தேன். கோதை பின்னால் உட்கார்ந்து ட்ரைபாடைப் பிடித்துக்கொண்டாள். கோதை என் நாத்தனார், பூங்கோதை. மாமனார் மாமியார் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். கடைவீதியில் மருந்துக்கடையில் வேலை. கடை திறப்பது பத்து மணிக்குத்தான், அதனால் காலையில் சும்மாதான் இருப்பாள்.

சேலத்துப் பெண் வருகிறவரை, ஃபோகஸ் பார்ப்பதற்காகக் கோதையை நிற்கவைத்துக்கொள்கிறேன்.

மே 8, புதன்

சேலத்துப் பெண் வரமாட்டாளாம். எதிர்பார்த்ததுதான்.

மே 12, ஞாயிறு

இன்று முக்கியமான காட்சி. அந்தப் பெண் சேற்றில் புதைந்துகிடக்கும் பழைய பரிசலைக் கண்டுபிடிக்கிறாள்.

பரிசலுக்கு நாலு நாள் அலைந்தேன். மீன்காரர்கள் ஒருத்தரும் கொடுக்க மாட்டேன் என்றார்கள். கடைசியில் கோதை போய், மருந்துக்கடைக்கு வந்துபோகிற ஒருவரிடம் பேசி, மூங்கில் பிரிந்த பரிசல் ஒன்றை வாங்கிவந்துவிட்டாள். இரண்டு பேரும் உருட்டிக்கொண்டே போய்ச் சேற்றில் பாதி புதைத்தோம். தண்ணீர் கேனைத் தூக்கியதும் குடை பிடித்ததும் அவள்தான். குடை எனக்கில்லை, கேமராவுக்கு.

நான் எழுதியிருந்தது: பெண் பரிசலைப் பார்க்கிறாள், மண்டியிட்டு அழுகிறாள். கோதை என்ன செய்தாள் தெரியுமா? பரிசலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் சேற்றிலிருந்து அதைத் தோண்டி எடுத்து, விளிம்பில் நிறுத்தி, ஒரு கல்லை முட்டுக்கொடுத்து, அதன் நிழலில் போய் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார இடம் விட்டு, சற்றே நகர்ந்துகொண்டாள்.

"கட்" என்றேன். "யாரு இதெல்லாம் பண்ணச் சொன்னது?"

"அழுகை வரலைங்க அண்ணி. இத்தனை வருஷமா தேடிட்டு இருக்கறவ, கிடைச்சதும் முதல்ல உக்காரத்தானே செய்வா?"

"எழுதினதைப் பண்ணு."

இரண்டாவது முறை மண்டியிட்டு அழுதாள். சொன்னபடியே செய்தாள்.

மே 13, திங்கள்

இரண்டு டேக்கையும் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். முதல் டேக்கைத்தான் வைத்துக்கொள்ளப்போகிறேன். பரிசல் நிழல் என்பது என் மனசுக்குள் எங்கேயோ இருந்த விஷயம்தான். எழுதும்போது விட்டுப்போயிருக்கிறது. ஸ்கிரிப்டில் திருத்தி எழுதிவிட்டேன்.

மே 19, ஞாயிறு

அவர் தர்மபுரி டூர் முடிந்து வந்திருக்கிறார். விதைக் கம்பெனிப் பிரதிநிதி வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது, எடுத்தவரை போட்டுக்காட்டினேன். ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே பார்த்தார். பரிசல் காட்சி வந்ததும் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏன் ரேணு, நம்ம கோதையா இது?"

"ம்."

"சின்னதுல ஒரு வாய் பேசாது. இவளுக்குள்ள இத்தனை இருக்குதா?"

கோதை சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். அவர் எழுந்து போய் அவள் தலையில் தட்டினார்.

சட்டகம் எப்படி வைத்திருக்கிறேன், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எதற்காக விடியற்காலையில் எடுத்தேன், இதெல்லாம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது. நடிப்புதான் முதலில் கண்ணில் படும். எல்லா ஊரிலும் அப்படித்தான். நான் பாத்திரம் கழுவப் போனேன். கோதை ஏற்கெனவே கழுவி வைத்திருந்தாள்.

மே 24, வெள்ளி

நித்திலா கூப்பிட்டாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு.

"ஏய் ரேணு, எப்படிடி இருக்க? ஒகேனக்கல் பக்கம் லொகேஷன் பாக்க வர்றேன்டி. ஞாயித்துக்கிழமை உங்க ஊர் வழியாத்தான் போறோம். மதியம் சோறு போடுவியா?"

"இது என்னடி கேள்வி, வா" என்றேன்.

அவளுக்கு எப்போதும் பசிதான். விடுதியில் என் ஊறுகாய் பாட்டிலைக் காலி செய்கிறவள் அவள். இப்போது குடை பிடிக்க ஆள் இருந்தும் சோற்றுக்கு என்னிடம் வருகிறாள். அப்படி நினைத்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மே 26, ஞாயிறு

வந்துவிட்டுப் போனாள்.

இளைத்திருக்கிறாள், முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். கூட வந்தவர்களைப் பண்ணவாடியில் இறக்கிவிட்டு, தான் மட்டும் வந்தாள். அதுவும் எனக்காகத்தானாம். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "நிம்மதியா இருக்கடி நீ" என்றாள். சென்னையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது சுலபம்.

கோதை அணை மீன் வாங்கிக் குழம்பும் வறுவலும் செய்திருந்தாள். நித்திலா வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். தயாரிப்பாளர் கதையை மாற்றச் சொல்கிறார், ஹீரோ தேதி கொடுக்கமாட்டேன் என்கிறார், தூங்கி நாளாகிறது என்று புலம்பல். ஒவ்வொரு புலம்பலும் எனக்குப் பெருமை மாதிரியே கேட்டது.

பிறகு தானாகவே கேட்டாள். "நீ என்னடி பண்ற? காட்டு."

காட்டினேன். பேசிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். பரிசல் நிழலில் கோதை நகர்ந்து இடம் விடுகிற இடம் வந்ததும், கையை நீட்டிப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை பார்த்தாள்.

"யாருடி இவங்க?"

"என் நாத்தனார். இப்ப மீன் வறுத்துட்டு இருக்காளே."

"இந்த இடம் விடறது. இது எப்படிடி வந்துச்சு?"

"நான் எழுதினதுதான்" என்றேன்.

கோதை அப்போது வறுவல் தட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். கேட்டிருப்பாள். கேட்டாளா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. வந்து, நித்திலாவின் இலையில் ஒரு துண்டு வைத்தாள். என் இலையில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்துவிட்டுப் போனாள்.

போகும்போது நித்திலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ விடாம பண்ணிட்டே இருக்கியேடி" என்றாள். வண்டி தெரு திரும்புகிறவரை நின்றேன்.

மே 29, புதன்

நித்திலாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். எழுதி வைக்கிறேன், பிற்பாடு நானே மாற்றி நினைத்துக்கொள்ளக்கூடாது.

"ரேணு, சுத்தி வளைக்காம சொல்றேன். என் படத்துல ஹீரோவோட தங்கச்சி ரோலுக்கு இன்னும் ஆள் கிடைக்கல. உன் நாத்தனார் முகம் மனசை விட்டுப் போகமாட்டேங்குது. ஜூன் கடைசியில ஆரம்பிச்சு ஜூலை முழுக்க ஷூட்டிங். ஒரு தடவை சென்னைக்குக் கூட்டிட்டு வர்றியா? அப்புறம் இன்னொண்ணு. நீயும் இருந்துடுடி. டைரக்‌ஷன் டீம்ல எனக்கு ஒரு நல்ல ஆள் வேணும். வீட்டுக்காரர்ட்ட நான் பேசறேன்."

மூன்று தடவை கேட்டேன்.

முதலில் கோதை. பிறகு, இன்னொண்ணு என்று நான். இந்த வரிசையைக் கவனித்தாலே போதும். நான் அவளுக்கு உதவி இயக்குநராகப் போகவேண்டுமாம். கல்லூரியில் அவளுக்கு ஷாட் பிரித்துக் கொடுத்தவள் நான்.

ஜூலை முழுக்க என்கிறாள். தண்ணீர் ஜூலையில்தான் வரும். என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் கோதை சென்னையில் இருந்தால் என் கடைசிக் காட்சி போய்விடும். இன்னொரு வருஷம் அணை இப்படி வற்றும் என்று என்ன நிச்சயம்? நித்திலாவுக்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்?

பதில் அனுப்பினேன்: "கோதைக்கு மாப்பிள்ளை பார்த்து முடிவாகிற மாதிரி இருக்கு. வீட்டில் விடமாட்டாங்க. என்னாலயும் இப்ப வரமுடியாது. உன் படம் நல்லா வரட்டும்."

முழுப் பொய் இல்லை. சித்திரையில் ஓமலூரிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது உண்மை.

மே 30, வியாழன்

துணி துவைத்தேன். தலைவலி.

ஜூன் 2, ஞாயிறு

நந்தியின் பின்பக்கம் கோதை நடந்து வருகிற காட்சிகளை எடுத்தோம். வெயில் ஏறியதும் நந்தியின் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். கோதை சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"நித்திலா அக்கா பாத்துட்டு ஏதாச்சும் சொன்னாங்களா அண்ணி?"

"நல்லா இருக்குன்னா."

"படமா?"

"படந்தான். வேறென்ன?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

டிபன் பாக்ஸைக் கழுவ ஒரு குட்டையைத் தேடிக்கொண்டு போனாள். தூரத்தில் குனிந்து கழுவுவதைக் கேமரா வழியாகப் பார்த்தேன். எதைச் செய்தாலும் இவளுக்கு மட்டும் சட்டகத்துக்குள் அழகாகப் பொருந்திவிடுகிறது. நான் கண்ணாடி முன்னால் நின்று முயற்சி செய்து பார்த்திருக்கிறேன். எனக்கு வரவில்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் ஒரு பெண், "லீவுல என்ன பண்ணீங்க மிஸ்?" என்றாள். படம் எடுத்தேன் என்றேன். "உங்க டீம்ல எத்தனை பேரு மிஸ்?" என்றாள். "நான் மட்டுந்தான்" என்றேன். வகுப்பே கைதட்டியது.

ஜூன் 27, வியாழன்

நித்திலாவின் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது, போட்டோ போட்டிருக்கிறாள். தங்கச்சி ரோலில் யாரோ ஒரு பெண். பெரிய கண்கள். கோதை மாதிரி இல்லை. நிம்மதியாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது. அந்த வேஷம் கோதைக்குத்தான் சரி. எனக்கே தெரிகிறது.

போட்டோவில் தரணி தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறான்.

ஜூலை 7, ஞாயிறு

குடகில் மழையாம். செய்தியில் அணைகளைக் காட்டினார்கள். பண்ணவாடிக்குப் போய்ப் பார்த்தோம். இங்கே இன்னும் புழுதிதான். கோதை கடையில் சொல்லிவைத்திருக்கிறாள், தண்ணீர் வந்தால் உடனே கிளம்பிவிடுவேன் என்று. முதலாளி முணுமுணுத்தாராம். பதிலுக்கு இரண்டு வாரமாக இரவு கடை சாத்துகிறவரை இருந்துவிட்டு வருகிறாள்.

ஜூலை 12, வெள்ளி

கோதை இரண்டு நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. கேட்டால் கடையில் வேலை அதிகம் என்கிறாள். சட்னியில் உப்பு அதிகம். சொல்லவில்லை.

ஜூலை 17, புதன்

முடிந்தது. கடைசிக் காட்சி எடுத்துவிட்டேன்.

காலையில் பரிசல் கொடுத்தவர் கோதைக்குப் போன் செய்தார், ஒகேனக்கல்லில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது, சாயங்காலம் இங்கே ஏறிவிடும் என்று. பள்ளிக்கு வயிற்றுவலி என்று சொன்னேன். மதியம் போனபோது தண்ணீர் எங்கேயோ ஒரு கோடாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு பட்டையானது. சத்தமே இல்லாமல் வந்தது. வெடிப்புகளுக்குள் முதலில் இறங்கி, நிரம்பி, பிறகு மேலே பரவியது. குச்சிகளும் நுரையும் முன்னால் வந்தன.

கோதை நந்தியின் பக்கத்தில் நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல நேரமும் இல்லை. தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டது. அவள் குனிந்து பார்க்கவில்லை. எதிரே ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கணுக்கால் முழுகியதும், இனி கேட்டுப் பிரயோஜனமில்லை என்கிற மாதிரி ஒரு முகம். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. திரும்பினாள். நேராகக் கேமராவைத் தாண்டி நடந்து போனாள். போகும்போது என்னை ஒரு கணம் பார்த்தாள். அது கதாபாத்திரத்தின் பார்வை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே டேக். என் வாழ்க்கையில் இப்படி ஒரு ஷாட் எடுத்ததில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டியை நான் ஓட்டினேன். கொளத்தூர் எல்லை வந்ததும் பின்னாலிருந்து கேட்டாள்.

"அண்ணி, எனக்கு எப்ப கல்யாணம்?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவள் போனை நீட்டினாள். நித்திலா அனுப்பியிருந்தாள்: "தரணிகிட்ட உங்க நம்பர் வாங்கினேன். கல்யாண ஏற்பாடெல்லாம் எப்படிப் போகுது பூங்கோதை? உங்களை அந்த ரோல்ல பாக்க ரொம்ப ஆசைப்பட்டேன். பரவாயில்லை, நல்லா இருங்க."

போன வாரத் தேதி.

"ஒரு வாரமா தெரியுமா உனக்கு?"

"ம்."

"அப்புறம் எதுக்கு இன்னைக்கு வந்தே?"

"தண்ணி வந்திருச்சேங்க அண்ணி."

லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. நான் ஏதோ சொன்னேன். ஜூலையில் தண்ணீர் வரும் என்றேன், சினிமாவில் எல்லாரும் நல்லவர்கள் இல்லை என்றேன், உங்கண்ணன் விடமாட்டார் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நீ போயிருக்க மாட்டதானே கோதை? நான் கேட்டிருந்தாலும், நம்ம படம் முடியட்டும்னுதானே சொல்லியிருப்ப?"

கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல வேண்டாம் என்று யோசித்திருப்பாள்.

"போயிருப்பேன் அண்ணி" என்றாள். "தண்ணி வர்ற அன்னைக்கு லீவு கேட்டுட்டு வந்திருப்பேன். குடுக்கலைன்னா சண்டை போட்டுட்டு வந்திருப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாடின் சேற்றைக் கழுவித் துடைத்து மூலையில் வைத்தாள். பிறகு போய்ப் படுத்துவிட்டாள்.

ஜூலை 18, வியாழன்

கோதை தானே நித்திலாவுக்குப் பேசியிருக்கிறாள். அந்த ரோல் போய்விட்டது. ஆனாலும் வாருங்கள், வேறு சின்னதாக ஒன்று இருக்கிறது என்றாளாம். நித்திலா எனக்கும் ஒரு வரி அனுப்பியிருக்கிறாள்: "கல்யாணம் தள்ளிப்போச்சாமே, கோதை சொன்னாங்க."

கோதை அப்படிச் சொல்லியிருக்கிறாள். தன் அண்ணனிடமும் ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணியோட ஃப்ரெண்டு கூப்பிடறாங்க, போயிட்டு வரட்டுமா" என்று மட்டும் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். "போகட்டுமே" என்றேன்.

இவள் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று தெரியவில்லை. கொடுத்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஜூலை 21, ஞாயிறு

அவர் அவளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போயிருக்கிறார். என் மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையைக் கோதையின் பெட்டியில் வைத்தேன். எனக்கு இப்போது அந்த நிறம் எடுப்பதில்லை, அதனால்தான்.

ஜூலை 28, ஞாயிறு

விடியலில் தனியாகப் பண்ணவாடிக்குப் போனேன். ட்ரைபாடைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. கேமரா ஒரு பக்கம், தண்ணீர் பாட்டில் ஒரு பக்கம். மெமரி கார்டை மறந்துவிட்டேன், பாதி வழியில் நினைவு வந்து திரும்பினேன். எப்போதும் அது பைக்குள் இருக்கும். யார் வைப்பார்கள் என்று நான் யோசித்ததில்லை.

நந்தி இல்லை. முழுக்கத் தண்ணீர். சூரியன் வரும் நேரத்தில் கடல் மாதிரி. நீளமாக ஒரு ஷாட் எடுத்தேன். யாரும் இல்லாத வெறும் நீர். படம் இதில்தான் முடியும். இது முழுக்க முழுக்க நான் எடுத்தது. யாரும் "இதை யார் செய்தது" என்று கேட்க முடியாது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எடிட்டிங். நித்திலாவின் ஷூட்டிங் ஆகஸ்டுக்கும் இழுத்துவிட்டதாம். இத்தனை நாள் காத்திருந்த கோதைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற பயணி வேஷமாம், இரண்டு நாள். "ஒரு வசனம் இருக்கு அண்ணி" என்று போனில் சொன்னாள். குரலில் அத்தனை சந்தோஷம். எனக்கு அந்த ஒரு வசனத்தின் மேலும் பொறாமையாக இருந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

"நீ இல்லாம வீடு வெறிச்சுனு இருக்குது" என்றேன். "ட்ரைபாடு தூக்க ஆளில்லையா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு ரொம்ப நேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வெள்ளிக்கிழமை வந்துவிட்டாள். ஷூட்டிங்கில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவளே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வெயிலில் நின்றே பொழுது போனதாம். நித்திலா எல்லார் முன்னாலும் யாரையோ திட்டிவிட்டு வேனுக்குப் பின்னால் போய் அழுதாளாம். "பாவம் அண்ணி, அத்தனை பேரு இருந்தும் அவங்க கூட உக்காந்து சாப்பிட ஒருத்தர் இல்லை. நான்தான் போய் உக்காந்துக்கிட்டேன்" என்றாள்.

இன்று மதியம் படத்தை முழுசாகப் போட்டுக்காட்டினேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். தண்ணீர் வந்தது, அவள் திரும்பி நடந்தாள், பிறகு என் ஷாட். விடியல், வெறும் நீர். முடிந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க அண்ணி."

"சும்மா சொல்லாத."

தயங்கினாள். "அவ திரும்பி நடந்து போறா இல்ல, அங்கயே முடிஞ்சிருச்சுன்னு தோணுது. அதுக்கப்புறம் வர்றது அழகாத்தான் இருக்குது. ஆனா அதுல யாருமே இல்லையே."

"யாரும் இல்லைங்கறதுதான் அர்த்தம்" என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைத் தாங்க முடியவில்லை. "ரெண்டு நாள் பஸ்ஸுல உக்காந்துட்டு வந்து எனக்கு எடிட்டிங் சொல்லித்தர்றியா?" என்றேன்.

முகம் சுருங்கிப்போனது. எழுந்து மாடிக்குத் துணி அலசப் போய்விட்டாள்.

அந்த ஷாட்டோடு ஒருமுறை பார்த்தேன். அது இல்லாமல் ஒருமுறை பார்த்தேன். மறுபடி வைத்துப் பார்த்தேன். கோதை நடந்து கேமராவைத் தாண்டிப் போகிறபோது நெஞ்சில் ஏதோ அடைக்கிறது. அடுத்து என் தண்ணீர் வந்ததும் அந்த அடைப்பு போய், நான் என் கேமராவைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறேன். எத்தனை முறை போட்டாலும் அதேதான். யாரும் சொல்லித்தராமல் இவளுக்கு எப்படித் தெரிகிறது? நான் இதைப் படித்தேன். இத்தனை வருஷம் ஆசைப்பட்டேன். எரிகிறது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன். "கோதை, கொஞ்சம் வா."

கையில் சோப்பு நுரையோடு இறங்கி வந்தாள். நாற்காலியை நகர்த்தி, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டேன். அவள் உட்காரவில்லை, பின்னால் நின்றாள். ஓட்டினேன். நந்தி, தண்ணீர், கணுக்கால், திரும்புவது, நடப்பது.

"எந்த இடத்துல?" என்று கேட்டேன்.

நான் நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஈர விரலைத் திரையில் வைத்தாள். "இங்க."

வெட்டினேன். நான் தனியாக எடுத்த ஒரே ஷாட் போனது. முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தோம்.

"ரெண்டாவது சீன்லயும் ஒண்ணு சொல்லணும்" என்றாள், பயந்துகொண்டே.

"உக்காந்து சொல்லு" என்றேன்.